கட்டுப்பாடும் மனச்சான்றும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த படிப்பகம் ஒன்றிலே ஞாயிறு மாலைகளில் நாம் சிலர் கூடுவது வழக்கம். ஏடுகளைப் படிப்போம், படித்ததைப் பற்றி வாதிடுவோம், வாதம் முற்றினால் தேநீர் வரும், தேநீர் வந்தபின் வாதம் மேலும் முற்றும். அண்மையில் ஒரு மாலை, பட்டறையொன்றிலே கடைசல் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் எழுந்து நின்றார். "அண்ணே, ஒரு கேள்வி கேட்கிறேன். விடை கிடைத்தால் இருக்கிறேன்; கிடைக்காவிட்டால் இனி இந்தப் பக்கம் வருவதில்லை" என்றார்.

அவர் கேட்டது இதுதான்: "சமூக நீதி பேசுகிறோம். ஒடுக்கப்பட்டோர் உயர்ந்த இடத்தில் அமரவேண்டும் என்கிறோம். 2022-ஆம் ஆண்டிலே குடியரசுத் தலைவர் பதவிக்கு, ஒரிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துச் சந்தால் பழங்குடியிலே பிறந்த திரௌபதி முர்மு நின்றார். எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்கா, அதே பாரதிய சனதா ஆட்சியிலே நிதியமைச்சராக வீற்றிருந்தவர். நம் கழகம் யாரை ஆதரித்தது? சின்காவை! இதிலே கொள்கை எங்கே இருக்கிறது, அண்ணே?"

நாம் வாய் திறப்பதற்குள், ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலே உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "தம்பி! தலைமை முடிவு செய்துவிட்டது. பிறகு கேள்வி எதற்கு? கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா சொன்னது, சுவரிலே எழுதி வைப்பதற்கு மட்டுமா?"

இருவரும் நம்மைப் பார்த்தனர். ஒருவர் கொள்கையின் பெயரால் விலக நிற்கிறார். மற்றவர் கட்டுப்பாட்டின் பெயரால் வாயடைக்கச் சொல்கிறார். இருவரும் நல்லவர்கள், இயக்கத்துக்கு வியர்வை சிந்தியவர்கள். அன்று நம்மிடம் விடை ஆயத்தமாக இல்லை. அதைத் தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

★

முதலிலே ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். குடியரசுத் தலைவர் யாராக இருந்தால் என்ன? அமைச்சரவை நீட்டிய தாளிலே கையொப்பம் இடுபவர்தானே? அந்தப் பதவிக்காக இளைஞர் ஏன் உள்ளம் குமுற வேண்டும்?

அந்தக் கையொப்பத்தின் எடையைத் தமிழகம் அறியும். 1975-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையிலே ஒரு கையொப்பம் விழுந்தது. அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் செய்தி தெரிந்தது. நெருக்கடி நிலை நாட்டின் மீது கவிந்தது. 1976 சனவரி 31 அன்று அதே கரம் இன்னொரு கையொப்பம் இட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த தமிழக ஆட்சி கலைந்தது. பதவி பொம்மைப் பதவியாக இருக்கலாம். பேனா பொம்மைப் பேனா அன்று. ஆகவே இளந்தோழர் கேட்டது வீண் கேள்வியன்று.

அந்தக் கேள்விக்கு விடை தேட, நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலேறி மேற்கே சென்றால் ஆவடி வருகிறது. 1955 சனவரியில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், இதே ஆவடியிலே காங்கிரசு மாநாடு கூடிற்று. சமதர்ம மாதிரிச் சமுதாயம் அமைப்பதே இனி எமது குறிக்கோள் என்று, பந்தலதிரக் கைதட்டித் தீர்மானம் நிறைவேற்றினர். தீர்மானம் ஆவடியிலே பிறந்தது. அதன் உண்மைச் சோதனையோ பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1969 சூலையில் பெங்களூரிலே தொடங்கிற்று. அதுவும் குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்ற வடிவிலே தொடங்கிற்று!

அந்த ஆண்டு மே 3-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே சாகிர் உசேன் மறைந்தார். பெங்களூரிலே கூடிய காங்கிரசு ஆட்சிமன்றக் குழுவிலே பிரதமர் இந்திரா காந்தி செகசீவன்ராம் பெயரை முன்மொழிந்தார். நிசலிங்கப்பா, காமராசர், எஸ்.கே. பாட்டீல் முதலியோர் அடங்கிய மூத்தோர் அணி நீலம் சஞ்சீவ ரெட்டியைக் கொணர்ந்தது. குழுவிலே ரெட்டியே வென்றார். ஆக, காங்கிரசின் முறையான வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. அவருடைய வேட்புமனுவிலே பிரதமரும் கையெழுத்திட்டார்.

அடுத்து நிகழ்ந்தவை, வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் வரிசைப்படுத்திப் பார்க்கவேண்டியவை. நிதித் துறை மொரார்சி தேசாயிடமிருந்து பறிக்கப்பட்டது. சூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி மறுநாள் பதவி விலகித் தனி வேட்பாளராகக் களத்திலே நின்றார். நிசலிங்கப்பாவோ, சுதந்திராக் கட்சி, சனசங்கம் ஆகியவற்றின் தலைவர்களைச் சந்தித்து, அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்கைத் தம் வேட்பாளருக்குக் கேட்டார். அதைக் கண்ட செகசீவன்ராமும் பக்ருதீன் அலி அகமதுவும் அவருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டனர். விருப்பம்போல் வாக்களிக்கும் உரிமை கோரினர். முடிவிலே பிரதமரும், மனச்சான்றின்படி வாக்களியுங்கள் என்றார். எவருடைய மனுவிலே கையெழுத்திட்டாரோ, அவரையே தோற்கடிக்கும் குரல்!

ஆகஸ்டு 16-ஆம் நாள் வாக்குப்பதிவு. 20-ஆம் நாள் எண்ணிக்கை. முதல் விருப்பத்திலே கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திராவும் சனசங்கமும் நிறுத்திய சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. எவரும் எட்டவில்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேண்டிய எல்லையைக் கிரி தாண்டியது 1,908 வாக்கு மதிப்பால் மட்டுமே.

இங்கேதான் நம் இயக்கம் வருகிறது. அண்ணா மறைந்து ஆறு மாதம் கடந்த நேரம். கலைஞர் முதலமைச்சர். 1967 தேர்தலிலே மக்களவைக்குச் சென்ற கழகத்தார் 25 பேர். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு அப்போது 576. 25 பேருக்கு 14,400. சட்டமன்ற உறுப்பினர்களின் மதிப்பைச் சேர்க்காமலே, கிரி எல்லையைத் தாண்டிய அளவைப்போல ஏழு மடங்கு! கழகம் கிரியை ஆதரித்தது. அந்த ஆதரவு இல்லையேல் கிரி இல்லை என்று கூறினால் அது மிகையன்று; வெறும் கூட்டல் கணக்கு.

★

இனி நம் கேள்விக்கு வருவோம். 1969-இலே யார் செய்தது சரி?

கட்டுப்பாடே முதன்மை என்பார், மூத்தோர் அணியைக் காட்டுவர். கட்சி கூடிற்று, முடிவெடுத்தது, முடிவுக்கு அனைவரும் கட்டுப்பட வேண்டாமா என்பர். கட்டுப்பட வேண்டியதுதான். ஆனால் எதற்குக் கட்டுப்பாடு? ஆவடியிலே சமதர்மம் என்று முழங்கிய கட்சி, வங்கிகளைப் பொதுவாக்குவதை எதிர்த்த சுதந்திராவிடமும் சனசங்கத்திடமும் இரண்டாம் விருப்பத்துக்குக் கையேந்தியபோது, கட்டுப்பாடு எந்தக் கொள்கையைக் காத்தது? கொள்கையை விட்டுவிட்ட கட்டுப்பாடு, நெல்லை விட்டுவிட்டுப் பதரைக் கட்டிய மூட்டை போன்றது. கட்டு இறுக்கமாகத்தான் இருக்கும். அவிழ்த்துப் பார்த்தால் உண்பதற்கு ஒன்றும் இராது.

மனச்சான்றே முதன்மை என்பார், இந்திரா அணியைக் காட்டுவர். நல்லது. ஆனால் அந்த மனச்சான்று மனுவிலே கையெழுத்திடும்போது எங்கே உறங்கிற்று? வேட்பாளர் மாறவில்லை; அவர் கொள்கை மாறவில்லை; பதவிப் போட்டியின் காற்று மட்டுமே மாறிற்று. காற்றுக்குத் தக்கபடி திரும்புவது மனச்சான்றா, கூரைமேல் நாட்டிய காற்றாடியா?

இன்னும் ஒன்று. விருப்பம்போல் வாக்களிக்க விடுங்கள் என்று 1969-இலே கடிதம் எழுதிய இருவரின் பின்வரலாற்றைப் பாருங்கள். 1975 சூன் 25 அன்று இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்திலே கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர், பக்ருதீன் அலி அகமது! அதற்கு ஒப்புதல் கேட்டு மக்களவையிலே தீர்மானம் கொணர்ந்தவர், செகசீவன்ராம்! தமக்கு ஒரு வாக்குக்கு மனச்சான்றின் உரிமை கேட்டவர்கள், நாட்டு மக்கள் அனைவரின் மனச்சான்றுக்கும் பூட்டுப் போட்டபோது துணை நின்றனர். செகசீவன்ராம் 1977 பிப்ரவரியிலே அந்த முகாமை விட்டு வெளியேறினார்; ஆனால் அதற்குள் சிறைகள் நிரம்பிவிட்டன.

கிரியின் வரலாறும் நமக்குப் பாடமே. அவர் தொழிலாளர் தலைவர். இரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு மாற்றியபோது, 1954-இலே மைய அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்தவர். அந்த மனிதருக்காகத்தான் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் உள்ளம் 1969-இலே துடித்தது. ஆயினும் 1974 மே மாதத்திலே இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கடுமையாக ஒடுக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் மாளிகையிலே இருந்தவர் அதே கிரி. நல்லவரை அனுப்பிவிட்டால் போதும், நாற்காலி நல்லதாகிவிடும் என்று நம்புவோர் இதை மறவாதிருப்பது நலம்.

அப்படியானால் கழகம் 1969-இலே தவறிழைத்ததா? இல்லை என்பதே நம் எண்ணம். காங்கிரசின் கட்டுப்பாடு கழகத்தைக் கட்டாது. நின்றவர் மூவருள் தொழிலாளர் பக்கம் நின்ற வரலாறு கிரிக்கே இருந்தது. நாட்டுடைமையை எதிர்த்தவர்களின் துணையை நாடியது ரெட்டி அணியே. அன்று கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு அன்று முடிவு செய்தனர். 1971-இலே தேர்தல் உடன்பாடு வந்ததும், 1976-இலே ஆட்சி கலைந்ததும், 1969-இலே எவர் கண்ணுக்கும் தெரிந்தவையல்ல. அறுவடையைக் காட்டி விதைத்தவனைப் பழிப்பது எளிது. விதைக்கும் நாளிலே மழையைக் கணிப்பதுதான் கடினம்.

வேடிக்கை ஒன்றையும் கூறிவிடுவோம். எந்தச் சஞ்சீவ ரெட்டிக்காகக் காங்கிரசு இரண்டாகப் பிளந்ததோ, அதே சஞ்சீவ ரெட்டி 1977-இலே போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார்! 1969-இலே அவரைக் கொள்கைப் பகைவர் என்றோர் 1977-இலே வாய் திறக்கவில்லை. அப்படியானால் 1969-இலே நடந்தது கொள்கைப் போரா, கொள்கையின் ஆடையணிந்த பதவிப் போரா?

★

தோழர்களே! நம் முன் நிற்பவை இரண்டு நோய்கள். இரண்டும் நமக்குப் புதியவையல்ல. பெரியார் நமக்கு இனம் காட்டிய பழைய நோய்களே புதிய பெயரில் வருகின்றன.

முதல் நோய் பக்தி. கோயிலிலே கல்லின் முன் நின்று, கேட்காதே, ஆராயாதே, கும்பிடு என்றார்கள். அதை மறுத்துத்தான் நாம் வெளியே வந்தோம். வெளியே வந்தபின் கட்சி அலுவலகத்திலே மேடையின் முன் நின்று, கேட்காதே, ஆராயாதே, கைதட்டு என்று யாரேனும் கூறினால், கோயில் மாறிற்றேயன்றிக் கும்பிடு மாறவில்லை என்பதே பொருள். சமயத்திலே பக்தி உய்வுக்கு வழியென்று சிலர் கருதலாம், அரசியலிலே அது வீழ்ச்சிக்கும் முடிவில் தனியாள் ஆட்சிக்குமே வழி என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பரிலே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். இருபத்தாறே ஆண்டுகளிலே நாடு அதைக் கண்ணாரக் கண்டது. பெரியவருக்கு நாம் கூறும் பதில் இதுதான்: ஐயா, அண்ணா கூறிய மூன்றிலே கட்டுப்பாடு மூன்றாவது; முதலிலே நிற்பது கடமை. எண்ணிப் பார்ப்பதும், எண்ணியதை எடுத்துரைப்பதும் அந்தக் கடமையிலே சேர்ந்தவை.

இரண்டாம் நோய் தீட்டு. இது நுட்பமானது, இளைஞர்களைப் பற்றுவது. அவர் அந்த முகாமிலே இருந்தவர், ஆகவே தொடாதே. இவரோடு ஒரு மேடையிலே நின்றோம், ஆகவே கெட்டோம். கை கறைபட்டது, கழுவினாலும் போகாது என்பது கொள்கைத் தூய்மை என்று எண்ணுகிறோம். சற்று ஆராய்ந்து பாருங்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பட்டால் போகாது, பரிகாரம் கிடையாது என்பது யாருடைய மொழி? அக்கிரகாரத்துத் திண்ணையிலே நாம் கேட்ட மொழியல்லவா? மனிதனைப் பிறப்பால் தள்ளாதே என்று கூறும் நாம், பழைய முகவரியால் மட்டும் தள்ளலாமா? அவன் இன்று என்ன கூறுகிறான், என்ன செய்கிறான், நாளை எதற்கு அவனைப் பொறுப்பாக்க முடியும் என்று கேட்பது பகுத்தறிவு. அவன் நேற்று எந்தத் தெருவிலே நடந்தான் என்று மட்டும் கேட்பது தீட்டு.

நம் வரலாறே இதற்குச் சான்று. 1938-இலே கட்டாய இந்தியைப் புகுத்தியவர் ஆச்சாரியார்; 1953-இலே குலக்கல்வித் திட்டம் கொணர்ந்தவரும் அவரே. அந்த ஆச்சாரியாரின் சுதந்திராக் கட்சியோடு 1967-இலே அண்ணா தேர்தல் உடன்பாடு கண்டார். அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களிலே நல்லவர்களும் உண்டு. பெரியாரே அந்தத் தேர்தலிலே காங்கிரசை ஆதரித்தார். ஆனால் வென்றபின் நடந்தது என்ன? சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. 1968 சனவரியிலே இருமொழித் தீர்மானம் நிறைவேறிற்று. சென்னை மாநிலம் தமிழ்நாடாயிற்று. வென்றவுடன் அண்ணா திருச்சி சென்று சந்தித்தது, எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரை! கூட்டு இருந்தது, கொள்கை தேயவில்லை, வளர்ந்தது. ஆகவே யாரோடு நின்றாய் என்பது முதற் கேள்வி. நின்றபின் உன் கொள்கை வளர்ந்ததா, தேய்ந்ததா என்பது முடிவான கேள்வி.

தீட்டு பார்த்துப் பிளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயல்நாட்டிலும் சான்றுண்டு. 1912-இலே அமெரிக்கக் குடியரசுக் கட்சி டாஃப்டை மீண்டும் வேட்பாளராக்கிற்று. தியோடர் ரூசவெல்ட் பொறுக்கவில்லை. முற்போக்குக் கட்சி என்று தனியே நின்றார். அவர் டாஃப்டைவிட மிகுதியான வாக்குப் பெற்றார்; ஆனால் வென்றவர் மூன்றாமவராகிய வில்சன். அந்த வில்சன் ஆட்சியிலேதான் மைய அரசு அலுவலகங்களிலே கருப்பின ஊழியர்களை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கும் கொடுமை பரவிற்று. பிளவிலே தூய்மை கண்டவர்கள் மேட்டிலே இருந்தனர். விலை கொடுத்தவர்கள் பள்ளத்திலே இருந்தனர்.

★

சரி, நோய் தெரிந்தது, மருந்து என்ன? மனச்சான்று என்று ஒருவன் கூறும்போது அது மெய்யா, பொய்யா என்று எப்படி அறிவது? நாம் மூன்று உரைகல் கூறுவோம்.

ஒன்று: அது முன்னே பேசிற்றா, பின்னே பேசிற்றா? 1920-இலிருந்து மாநாடு மாநாடாக வகுப்புவாரி உரிமைக்குக் குரல் கொடுத்தார் பெரியார். கேட்டார், மறுத்தனர், மீண்டும் கேட்டார், மீண்டும் மறுத்தனர். 1925-இலே காஞ்சிபுரத்திலும் மறுத்தபோதுதான் வெளியேறினார். கூட்டத்திலே வாய் மூடி இருந்துவிட்டு வாக்குப் பெட்டியின் முன் மனச்சான்று பேசுவது பெரியார் வழியன்று.

இரண்டு: அது விலை கொடுத்ததா, விலை பெற்றதா? 1954-இலே கிரியின் மனச்சான்று பேசியபோது அமைச்சர் பதவி போயிற்று. பதவி போகும்போது பேசும் குரலை நம்பலாம். பதவி வரும்போது மட்டும் விழித்தெழும் குரலை நம்பவேண்டாம்.

மூன்று: தனக்குக் கேட்கும் உரிமையை அது பிறர்க்கும் தருகிறதா? 1969-இலே கேட்டு 1975-இலே மறுத்தவர்கள் இந்த உரைகல்லிலே தேறவில்லை.

கட்டுப்பாட்டுக்கும் உரைகல் உண்டு. முடிவுக்கு முன்னே விவாதம் நடந்ததா? கட்டுப்பாடு கொள்கைக்கா, ஆளுக்கா? கையை மட்டும் கட்டுகிறதா, கருத்தையும் கட்டுகிறதா? நாலு பேர் சேர்ந்து தேர் இழுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் வடம் பிடித்தால் தேர் நகராது. ஆகவே கை ஒன்றுபட வேண்டும். ஆனால் எந்தத் தெருவழியே இழுப்பது என்று கூடிப் பேசும்போது வாயைக் கட்டினால், தேர் பள்ளத்திலே இறங்கும்.

இந்தத் தேர்தலிலோ சட்டமே மனச்சான்றுக்கு இடம் விட்டிருக்கிறது. வாக்கு மறைவானது, கட்சிக் கொறடாவின் ஆணை இங்கே செல்லாது, 1985-இலே வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும் இங்கே நீளாது. ஏன்? தேர்ந்தெடுக்கப்படுபவர் ஒரு கட்சியின் தலைவரல்லர், குடியரசின் தலைவர் என்பதால். தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு 176 மதிப்பு. 1971 மக்கள் தொகையைக் கொண்டு கணித்தது. அதாவது அந்தச் சீட்டை இடும் கை ஏறத்தாழ 1,76,000 மக்களுக்காக நீள்கிறது. அவர்களை எண்ணாமல் தலைமையை மட்டும் எண்ணுவதும் பிழை. அவர்களை எண்ணாமல் தன் தூய்மையை மட்டும் எண்ணுவதும் பிழை.

★

இப்போது இளந்தோழருக்கு விடை கூறுவோம், மழுப்பாமல் கூறுவோம்.

2002-இலே அப்துல் கலாம் நின்றார். எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்தியவர், சென்னையிலே பிறந்து நேதாசியின் படையிலே பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய இலட்சுமி சேகல். கழகம், காங்கிரசு உள்ளிட்ட பெரும்பாலோர் கலாமை ஆதரித்தனர். கலாமுக்கு 9,22,884, இலட்சுமிக்கு 1,07,366. தோற்பது உறுதி என்று தெரிந்தே வாக்களித்தவர்கள் மூடர்களா? அல்லர். அந்த ஆண்டின் குசராத்துக் கொடுமைக்குப் பின், ஆள்வோரின் தேர்வை அப்படியே ஏற்கமாட்டோம் என்று பதிவு செய்தனர். கலாமுக்கு வாக்களித்தோர் துரோகிகளா? அல்லர். சிறுபான்மையிலே பிறந்த இராமேசுவரத்துத் தமிழர் அந்த நாற்காலியிலே அமர்வது அந்த ஆண்டிலே ஒரு பொருள் உடையது என்று கருதினர். இரண்டு பக்கமும் காரணம் கூறிற்று. காரணம் கூறுபவனோடு வாதிடலாம். அவனை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

2022-க்கு வருவோம். திரௌபதி முர்மு அந்த மாளிகையிலே நுழைந்தது, நூற்றாண்டுகளாகக் காட்டோரம் தள்ளப்பட்ட மக்களின் நெஞ்சு நிமிர்ந்த நாள். அதை மறுப்பவன் நம் இயக்கத்தவன் அல்லன். பங்கு கேட்டுப் பிறந்த இயக்கம் நம் இயக்கம். ஆகவே தோழரின் வேதனை, கொள்கையின் வேதனையே. ஆனால் அந்தத் தேர்தலிலே கேட்கப்பட்டது ஒரு பெண்மணியின் தகுதி மட்டுமன்று. மாநில உரிமையை நெரிக்கும் கொள்கை உடையவர்கள் தங்கள் தேர்வை நாட்டின் ஒருமித்த தேர்வாகக் காட்டிக்கொள்ளலாமா என்பதும் கேட்கப்பட்டது. வேண்டாம் என்பதே கழகத்தின் விடை. அந்த விடையை நாம் ஏற்கிறோம்.

ஏற்றுக்கொண்டே குறையையும் கூறுவோம். சின்கா 2018-இலே அந்தக் கட்சியை விட்டு விலகியவர். அவரைத் தீண்டத்தகாதவர் என்று தள்ளமாட்டோம். எனினும் சரத் பவார், பாரூக் அப்துல்லா, கோபாலகிருட்டிண காந்தி ஆகிய மூவரும் மறுத்தபின் எதிர்க்கட்சிகள் கண்ட பெயர் அது. எதிர்முகாம் ஒரு பழங்குடிப் பெண்ணைத் தேடிக் கண்டபோது, சமூக நீதி முகாம் ஏன் அத்தகைய ஒருவரைத் தேடவில்லை? இந்தக் கேள்வியை வாக்குப்பதிவுக்கு முன்பே, கூட்டணிக் கூடத்திலே எழுப்பியிருக்க வேண்டும். செகசீவன்ராமின் மகள் மீரா குமாரை 2017-இலே நிறுத்தியவர்களுக்கு 2022-இலே அந்த நினைவு வராமற் போனதேன்? முடிவு: முர்முவுக்கு 6,76,803, சின்காவுக்கு 3,80,177. தோல்வி இழிவன்று, தோற்கும் போரிலே கூட நம் கொள்கையின் முகத்தை நாட்டுக்குக் காட்டத் தவறியதே குறை. அதே வேளையில், எதிர்க்கட்சி அணியிலே இருந்துகொண்டே முர்முவை ஆதரித்த சார்க்கண்டு முக்தி மோர்ச்சாவை நாம் தூற்றவும் மாட்டோம். சந்தால் மக்களின் கட்சி வேறெப்படி வாக்களிக்கும்?

2025-இலே துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. திருப்பூர்த் தமிழர் சி.பி. இராதாகிருட்டிணன் ஒருபுறம், தெலுங்கரான முன்னாள் நீதிபதி சுதர்சன ரெட்டி மறுபுறம். தமிழன் என்று கூறி நம்மை அழைத்தார்கள். கழகம் ரெட்டியை ஆதரித்தது. இரத்தத்தைக் காட்டி அழைத்தபோது கொள்கையைக் காட்டி மறுத்தது அது. அன்று தோழர் மகிழ்ந்தார் அல்லவா? பிறப்பு மட்டும் போதாது, நிற்கும் பக்கமும் வேண்டும் என்ற அளவுகோல் 2025-க்குச் சரியென்றால், 2022-க்கும் அதே அளவுகோலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கேற்ப அளவுகோலை நீட்டிக் குறைப்பது நமக்கு அழகன்று.

★

ஆகவே, தம்பி! உனக்கு நாம் கூறுவது: விலகாதே. விலகும் உரிமை உனக்கு உண்டு, பெரியாரே விலகியவர்தான். ஆனால் அவர் ஐந்தாண்டு கேட்டுப் பார்த்தபின் விலகினார். நீ ஒரு மாலைதானே கேட்டிருக்கிறாய்? அண்ணா 1949-இலே விலகியபோதும் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே வைத்தார். விலகுவதிலும் அன்பு இருக்க முடியும் என்று காட்டிய இயக்கம் இது. இருப்பதிலே கேள்வி இருக்க முடியாதா?

பெரியவரே! உமக்கு நாம் கூறுவது: கேட்கும் இளைஞனைக் கட்டுப்பாடற்றவன் என்று எண்ணாதீர். அவன் கேட்பது, கொள்கையை உம்மைப் போலவே மெய்யென்று நம்பியதால். நம்பாதவன் கேட்கமாட்டான், கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு போய்விடுவான். கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்ட கட்சியிலே எஞ்சி நிற்பவர்கள் யார் என்பதை 1975 நமக்குக் காட்டிற்று.

ஆவடியிலே தீர்மானம் போட்டவர்கள் தீர்மானத்தை மறந்து ஆளைப் பிடித்தனர். பின்னர் ஆளுக்காகப் பிளந்தனர். முடிவிலே ஓர் ஆளே கட்சியென்று ஆயிற்று. நாம் அந்த ரயிலிலே ஏறவேண்டாம்.

படிப்பகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. தம்பி, அடுத்த ஞாயிறும் வா, கேள்வியோடு வா. பெரியவர் அங்கே இருப்பார். தேநீரும் வரும்.